கண்ணியத்தைப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

(காசிமேட்டில் நம் அறக்கட்டளை நடத்தும் மாலை நேர வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 



இந்தக் கூட்டத்தில் வழக்கமாக மார்க் பற்றிப் பேசுவோம். யார் கணக்கில் குறைவு, யார் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பட்டியல் வாசிப்போம். இந்த முறை மார்க் பட்டியலை ஆசிரியைகள் உங்களிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். நான் பேச வந்தது வேறு ஒரு பாடம். அதற்குப் புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. அந்தப் பாடத்தில் தோற்றால் மட்டும் மறுதேர்வு எழுதுவது மிகவும் கடினம்.

சில வாரங்களுக்கு முன்பு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். காய்ச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவனுடைய தாயார் கருவாடு விற்கிறார். கூட இருந்த இரண்டு பையன்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "கருவாடு" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் உள்ளே வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வது, அவன் நோட்டைத் தொட்டுவிட்டு விரலை மோந்து பார்ப்பது என்று தொடர்ந்திருக்கிறது. அவன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. "படிப்பு வரலை, நான் வேலைக்குப் போறேன்" என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

இதைக் கேட்டுச் சிலர், "பசங்க விளையாட்டு, இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா" என்று கேட்டார்கள். ஒரு குழந்தையின் படிப்பே நின்றுபோகிற இடம் வரை வந்த பிறகு அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்க முடியாது. காசிமேட்டில் உட்கார்ந்துகொண்டு மீன் வாடையைக் கேலி செய்வது அதைவிட வேடிக்கை. விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்க் கூடை எடுக்கிற பெண்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வலை சரிபார்க்கிறவர்கள், படகுக்கு டீசல் ஏற்றுகிறவர்கள் இவர்களுடைய உழைப்பில்தான் இந்தப் பகுதியின் டீக்கடை முதல் நகைக்கடை வரை நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இங்கே எத்தனை வீடுகளில் அடுப்பு மெல்ல எரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல.

அல்லாஹ் திருக்குர்ஆனில் அல் ஹுஜுராத் என்ற 49ஆவது அத்தியாயத்தில், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறான். ஆண்களுக்குச் சொன்னதோடு விடாமல் பெண்களையும் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்கிறான். குத்திக் காட்டுவதையும் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் அதே 11ஆவது வசனத்தில் தடுக்கிறான். பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்கிறான். நாம் சில்லறை விஷயம் என்று ஒதுக்குகிற பட்டப்பெயரை அல்லாஹ் சில்லறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சின்னதாக ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் எங்கிருந்தோ வந்த ரவுடிகள் அல்ல; அவனோடு பள்ளியில் படித்த மாணவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும்தான். அந்த மாணவன் சாதியின் பெயரால் தன்னைத் தொல்லை செய்ததைப் பள்ளியில் சொன்னான் என்பதுதான் அவர்களுடைய கோபம். அரிவாளுக்கு முன்னால் கேலி இருந்தது, ஏவல் இருந்தது, மிரட்டல் இருந்தது. அந்த நிலையிலேயே யாராவது உறுதியாகக் குறுக்கே நின்றிருந்தால்?

அந்தப் பிள்ளை பல மாதம் சிகிச்சை பெற்று, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். அவனை எழவிடக்கூடாது என்று நினைத்தவர்களுக்கு அவன் படிப்பாலேயே பதில் சொன்னான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக்கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் சாதியைச் சொல்லி அழைக்கக்கூடாது, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் போன்றவற்றோடு பள்ளிக்கு வரக்கூடாது, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு நடத்த வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைத்தார். சில பரிந்துரைகளில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. அடிப்படையை மட்டும் கவனியுங்கள். மரியாதை தானாக வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது. கணக்கைப் போல, ஆங்கிலத்தைப் போல, அதையும் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அது தெற்கே, சாதிச் சண்டை, நமக்கென்ன" என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் சாதிக்குப் பதிலாக "ரூட்டு" இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிற கல்லூரிப் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறார்கள். எந்த ரூட்டு, எந்தக் கல்லூரி, யார் "ரூட்டு தல" என்பதுதான் அங்கே பேச்சு. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்துக்குள் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதியதை ஊரே பார்த்தது. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டுச் சில நாட்களில் உயிரிழந்தார். முதலாம் ஆண்டு! கல்லூரி வாசலை மிதித்து நான்கு மாதம்கூட நிறைந்திருக்காது. தாக்கியவன் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறார். அவருக்கும் அந்த நாளோடு வாழ்க்கை நின்றுபோயிற்று.

ரூட்டு தல ஆகத் துடிக்கும் பையனுக்கு என்ன வேண்டும்? அவனுக்கும் மரியாதைதான் வேண்டும். "கெத்து" என்று அவன் சொல்வது அதைத்தான். வீட்டில் கிடைக்காதது, வகுப்பில் கிடைக்காதது, படிக்கட்டில் தொங்கி ரயில் பெட்டியைத் தட்டிப் பாட்டுப் பாடினால் கிடைக்கிறது. பயத்தையே மரியாதை என்று நினைத்துக்கொள்கிறான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்ன வயதிலேயே அவனுக்குக் காட்ட வேண்டியவர்கள் நாம்.

எப்படிக் காட்டுவது? முதல் வழி, பிள்ளைக்கு நாம் மரியாதை கொடுப்பது.

புகாரி ஷரீஃபில் ஒரு செய்தி வருகிறது. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அருந்தினார்கள். அவர்களுக்கு வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் பெரியவர்கள். வலப்புறத்திலிருந்து கொடுப்பதுதான் முறை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் நபியவர்கள் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். நபியவர்கள் பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

நம் வீட்டில் இது நடந்தால் என்ன ஆகும்? "பெரியவங்க இருக்காங்க, என்னடா வாய்" என்று தலையில் ஒரு குட்டு விழும். அல்லாஹ்வின் தூதர் ஒரு சிறுவருடைய உரிமையை உரிமையாகவே மதித்தார்கள். அனுமதி கேட்டார்கள். மறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். அதே நபியவர்கள் தெருவில் சிறுவர்களைக் கடக்கும்போது தாமே முந்திக்கொண்டு ஸலாம் சொன்னதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு முதலில் ஸலாம் சொல்கிறோம்? சின்னவன்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறோம்; சொல்லாவிட்டால் திட்டுகிறோம்.

ஆசிரியர்களுக்கும் மக்தப் உஸ்தாதுகளுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. ஓதிக்கொடுக்கிற நமக்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பள்ளிவாசலுக்குள் அறியாமல் சிறுநீர் கழித்த கிராமவாசியை மக்கள் அதட்டியபோது, அவரை விட்டுவிடச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள் நபியவர்கள். தவறு கழுவப்பட்டது, மனிதர் அவமானப்படுத்தப்படவில்லை. எழுத்து தப்பாக ஓதிய பிள்ளையை எல்லோர் முன்னாலும் "மாடு" என்று சொல்கிற உஸ்தாத், எழுத்தைத் திருத்துவதற்கு முன்பே இன்னொன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார். பலமுள்ளவன் பலமில்லாதவனை இப்படித்தான் பேசலாம் என்பதே அந்தப் பாடம்.

இரண்டாவது வழி, வீட்டில் நம் நாக்கைக் கவனிப்பது. பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுப்பதைவிட, நாம் பேசுவதைக் கேட்டுத்தான் அதிகம் படிக்கிறார்கள். குப்பை வண்டி வந்ததும், "குப்பைக்காரன் வந்துட்டான்" என்கிறோம். பாத்திரம் துலக்க வரும் அம்மா நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை "வா, போ" என்கிறோம். கட்டட வேலைக்கு வந்திருக்கிற பீகார்ப் பையனுக்குப் பெயர் ஒன்று இருக்கும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவர் இறந்தபோது, அது நபியவர்களுக்குச் சொல்லும் அளவுக்குப் பெரிய செய்தி இல்லை என்று தோழர்கள் நினைத்துவிட்டார்கள். நபியவர்கள் அவரைத் தேடி விசாரித்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுகை நடத்தினார்கள். துடைப்பம் பிடித்த கைக்கு இஸ்லாம் கொடுத்த இடம் அது.

நமக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். உருது பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்வதும், இவன் அவனுடைய தமிழைக் கேலி செய்வதும் வகுப்பில் நடக்கிறது. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற பேச்சு நிக்காஹ் பேசும் இடத்தில் மட்டும் வரவில்லை. சாப்பாட்டு ஸஹனிலும் வருகிறது. புதிதாகக் கலிமாச் சொல்லி வந்த குடும்பத்தைப் பத்து வருடம் கழித்தும் "அவங்க புதுசா வந்தவங்க" என்கிறோம். பிள்ளை இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறான்.

அபூதர் (ரலி) அவர்கள் எவ்வளவு பெரிய ஸஹாபி! ஒருவரை அவருடைய தாயாரைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையும் அவர்களுக்கும் கொடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். காலம் கடந்தபின் ஒருவர் அபூதர் அவர்களைச் சந்திக்கிறார். அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி மேலாடை அணிந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டபோது, தாம் திட்டியதையும் நபியவர்களிடம் கண்டிப்பு வாங்கியதையும் மறைக்காமல் சொல்கிறார். தான் கற்றதை உடையில் காட்டினார், கேட்டவருக்கும் கற்றுக்கொடுத்தார். மரியாதையைக் கற்பதும் கற்பிப்பதும் ஒன்றாக நடக்கிற இடம் இதுதான்.

மூன்றாவது, அக்கம்பக்கம். நம் தெருவில் கோவில் உண்டு, சர்ச் உண்டு, பள்ளிவாசல் உண்டு. மற்றவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று 6ஆவது அத்தியாயம் 108ஆவது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். ஒரு யூதருடைய ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதர் என்று சொல்லப்பட்டபோது, அவரும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். 2004 சுனாமி அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுவட்டார மீனவ மக்களுக்கு உணவும் இடமும் கொடுத்தார்கள். கை நீட்டுவதற்கு முன்பு மதம் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல வேண்டியது இவைதான்.

இப்போது ஒரு தாயின் கேள்விக்கு வருகிறேன். "நம்ம பையன் மத்தவங்களை மதிக்கணும், சரி. அவனையே மதிக்காதவங்களை என்ன பண்றது?" என்று கேட்டார். இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் நடந்த மறுநாள் வகுப்பில் தன் மகனை "உங்க டீம் தோத்துச்சா" என்று கேட்கிறார்களாம். நியாயமான வேதனை. மரியாதை கற்றுக்கொடுப்பது என்றால் தலைகுனியக் கற்றுக்கொடுப்பது ஆகாது. பிள்ளை நிமிர்ந்து, நிதானமாக, "இது என் நாடு, அப்படிப் பேசாதே" என்று சொல்லட்டும். கை ஓங்க வேண்டாம். தொடர்ந்தால் பெற்றோர் தலைமை ஆசிரியரைப் பார்த்து, தேதியோடு எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் நம் அறக்கட்டளையில் எழுதித் தருவோம், கூடவும் வருவோம். நாங்குநேரிப் பிள்ளை புகார் சொன்னான். சொன்ன பிறகு அவனைப் பாதுகாப்பது பெரியவர்களுடைய கடமை. தைரியமாகச் சொல்கிற பிள்ளையைத் தனியாக நிற்க விடக்கூடாது.

இன்னொன்று. பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதற்காக, பெரியவர் எது செய்தாலும் வாய் திறக்கக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். தப்பாகத் தொடுகிறவர், தப்பாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், உறவினராக இருந்தாலும், ஓதிக்கொடுப்பவராக இருந்தாலும், உம்மாவிடம் ஓடி வந்து சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அந்த நம்பிக்கையைக் கொடுங்கள்.

இனி, நாம் செய்யப்போவது நான்கு காரியங்கள்.

ஒன்று: நம் வகுப்பில் யாரையும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. ஆசிரியைகளும் சேர்த்துத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் தகப்பன் வைத்த அழகான பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவருடைய படத்தைப் போட்டுக் கேலி செய்வதும் இதில் அடக்கம். பிள்ளை கையில் இருக்கும் போனை வாரம் ஒருமுறை பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டுவதற்காக இல்லாமல் தெரிந்துகொள்வதற்காகப் பாருங்கள்.

இரண்டு: ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் வாய்ப்பாடும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பையனுக்குப் பொறுமை தானாக வரும். "அண்ணா" என்று ஒரு சின்னவன் அவனை நம்பி வரும்போது, ரயில் பெட்டியில் தேடுகிற கெத்து அவனுக்கு இங்கேயே கிடைக்கும்.

மூன்று: தவறு செய்த பிள்ளை, சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி அவமானப்படுத்த மாட்டோம். அந்த இரண்டு பையன்களையும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அழைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போனான். அந்தத் தாயார் மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாராம். பையன் திரும்பி வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். இன்னும் ஓரமாகத்தான் உட்காருகிறான். அந்த ஓரத்திலிருந்து அவனை நடுவுக்குக் கொண்டுவருவது நம் எல்லோருடைய வேலை.

நான்கு: மாதம் ஒருமுறை நம் பகுதியில் உழைக்கிற ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். வலை பின்னுபவர், மீன் விற்கும் தாயார், தூய்மைப் பணியாளர், நர்ஸ், துறைமுகத் தொழிலாளி, யாராக இருந்தாலும் எந்த மதமாக இருந்தாலும் சரி. அவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும். பிள்ளைகள் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, கேள்வி கேட்கட்டும். காற்று எந்தத் திசையில் அடித்தால் கடல் என்ன ஆகும் என்று எங்கள் ஆசிரியைகளுக்குத் தெரியாது. படகில் போகிறவருக்குத் தெரியும். அறிவு எங்கெங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துவிட்டால், யாரையும் குறைத்துப் பேச அவர்களுக்கு நாக்கு வராது.

பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம், "எத்தனை மார்க்" என்று கேட்பதற்கு முன்னால், "உன் வகுப்பில் யாராவது தனியாக உட்காருகிறார்களா" என்று கேளுங்கள். பதில் வந்தால், நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நாவுகளை அடுத்தவர் மனதைப் புண்படுத்தாமல் காப்பாயாக. அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும் அழகிய குணத்தையும் தருவாயாக. அவர்கள் பார்த்து நடக்கத் தகுதியுள்ளவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.